ஸ்டார் ட்ரெக்: எதைத் தாண்டலாம், எதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்கவேண்டும்

ஸ்டார் ட்ரெக் என்பது விண்வெளிக் கதை சொல்லும் அமெரிக்க ரீவித் தொடர்களின் வரிசை. முதலில் கணக்கு. 1966 இல் தொடங்கிய பழைய தொடர் 79 அங்கம். நெக்ஸ்ட் ஜெனரேஷன் 178, டீப் ஸ்பேஸ் நைன் 176, வொயேஜர் 172, 2005 இல் முடிந்த என்டர்பிரைஸ் 98. இரட்டை அங்கங்களை இரண்டாக எண்ணினால் மொத்தம் 703. இரவுக்கு ஒன்றாகப் பார்த்தால் இரண்டு வருடத்துக்கு ஒரு மாதம்தான் குறைவு. 2017 இல் இருந்து வந்த தொடர்களை இதில் சேர்க்கவில்லை, அது வேறு கணக்கு.

703 உம் பார்க்கத் தேவையில்லை. இவ்வளவு நீளமாக ஓடிய எதிலும் சொத்தை இருக்கும். ஆனால் ட்ரெக்கின் சொத்தைக்கு இரசிகர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம் பிழை. "காசு இல்லை, அட்டைப் பாறை, மலிவு வேசம்" என்பார்கள். அங்கம் அங்கமாக எடுத்துப் பார்த்தால், காசு இல்லாமல் எடுத்தவற்றுள் சில இந்தத் தொடர்களின் உச்சம். காசு கொட்டி எடுத்தவற்றுள் சில வெறும் குப்பை. எங்கே கதை எழுதியவர் தான் போட்ட விதியைத் தானே மறந்தாரோ, அங்கேதான் அங்கம் விழுகிறது.

பார்க்கத் தொடங்கமுன் சில நடைமுறை விசயங்கள். யாழ்ப்பாணத்தில் இப்போது பைபர் இணைப்பு உள்ள வீடுகளுக்கு இது பெரிய சோலி இல்லை. போன் டேட்டாவில் பார்ப்பவர் கவனிக்கவேண்டும். இணையத்தில் சாதாரணத் தரத்துக்கு மணிக்கு ஏறக்குறைய 1 ஜீபி போகும், எச்டி என்றால் 3 ஜீபி வரை. நெக்ஸ்ட் ஜெனரேஷன் முழுவதும் 133 மணித்தியாலத்துக்கு மேல், ஆகவே எச்டியில் 400 ஜீபி. (டேட்டா என்ற பெயரில் ஒரு பாத்திரமே அதில் இருக்கிறது என்பது வேறு.) அந்தச் செலவுக்கு அந்தத் தொடரில் பொருள் இருக்கிறது. 35 மில்லிமீற்றர் பிலிமில் எடுத்ததை மறுபடி ஸ்கேன் செய்து, விண்கலக் காட்சிகளைத் திரும்ப ஒன்றுசேர்த்து, 2012 முதல் 2014 வரை புளூ-ரேயாக வெளியிட்டார்கள். டீப் ஸ்பேஸ் நைனுக்கும் வொயேஜருக்கும் அந்த வேலை நடக்கவில்லை. அவை வீடியோ நாடாவில் வெட்டி ஒட்டி முடித்த படியே இருக்கின்றன. எச்டி என்று தெரிவுசெய்தாலும் அதே மங்கல்தான், டேட்டாதான் வீண். அவ்விரண்டையும் 480 என்ற சாதாரணத் தரத்தில் வைத்துப் பாருங்கள்.

ரொறன்ரோவில் இருந்து வரும் உறவினரிடம் பெட்டி கேட்பதென்றால் நெக்ஸ்ட் ஜெனரேஷனுக்கு டீவீடி வேண்டாம், புளூ-ரேயே கேளுங்கள். பழைய தொடருக்கும் புளூ-ரேதான் நல்லது. அதில் பிறகு செய்த கணினிக் காட்சிகளோடும் பார்க்கலாம், 1966 இன் அசல் காட்சிகளோடும் பார்க்கலாம். கனடா டீவீடி வலயம் 1, லண்டன் டீவீடி வலயம் 2. இங்குள்ள பிளேயர் எல்லா வலயமும் எடுக்குமா என்று பார்க்காமல் காசைக் கொடுக்கக்கூடாது.

என்டர்பிரைஸ் தவிர்ந்த நான்கும் பழைய 4:3 சதுரத் திரைக்கு எடுத்தவை. அகலத் திரை ரீவியில் இருபக்கமும் கறுப்புப் பட்டை விழும். அதைப் பொறுக்கமாட்டாமல் இழுத்து நிரப்பினால் நெக்ஸ்ட் ஜெனரேஷனின் கப்டன் பிக்காட் பூசணிக்காய் ஆகிவிடுவார். ஸூம் போட்டால் தலை வெட்டுப்படும். பட்டையோடு விடுங்கள்.

இன்னொன்று, அங்க இலக்கம். பழைய தொடர் தவிர்ந்தவற்றில் தொடக்க அங்கம் இரண்டு மணித்தியாலமாக வந்தது. சில பதிப்பில் அது ஒன்று, சிலதில் இரண்டு. ஆகவே ஒருவர் "நாலாவதைத் தாண்டு" என்றால் உங்கள் பட்டியலில் அது மூன்றாவதாக இருக்கலாம். தலைப்பைப் பார்த்தே தெரிவுசெய்யுங்கள். கீழே தலைப்புகளை மட்டுமே தருகிறோம்.

பழைய தொடரின் மோசமான அங்கம் எது என்று கேட்டால் எல்லோரும் சொல்வது "ஸ்பொக்ஸ் பிரெய்ன்". 1968 செப்ரெம்பரில் மூன்றாம் சீசன் இதோடுதான் தொடங்கியது. ஒரு பெண் கலத்துக்குள் வந்து, எல்லோரையும் மயக்கி, கலத்து அதிகாரி ஸ்பொக்கின் மூளையைக் கழற்றிக்கொண்டு போகிறாள். டொக்டர் மக்கோய் கையில் ஒரு ரிமோட்டை வைத்துக்கொண்டு மூளையில்லாத ஸ்பொக்கை நடக்கவிடுகிறார். கடைசியில் சத்திரசிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே ஸ்பொக் எழும்பி, எந்த நரம்பை எங்கே பூட்டுவது என்று டொக்டருக்கே சொல்லிக்கொடுக்கிறார்.

இதற்குப் பின்னால் உள்ள நிலைமையும் தெரிந்திருக்கவேண்டும். அந்த வருடம் தொடரின் செலவுப் பணத்தைக் குறைத்தார்கள், வெள்ளி இரவு 10 மணிக்குத் தள்ளினார்கள், உருவாக்கிய ஜீன் ரொடன்பெரி அன்றாட வேலையில் இருந்து விலகிக்கொண்டார். கதையை எழுதியவர் ஜீன் கூன். முதல் இரண்டு சீசனின் முதுகெலும்பாக இருந்த அதே ஆள், இங்கே லீ குரோனின் என்ற புனைபெயருக்குள் ஒளிந்துகொண்டார். இவ்வளவு இருந்தும், இந்த அங்கத்தைக் காசுக்குறை கெடுக்கவில்லை. விடியவிடியக் கூத்துப் பார்த்த சனத்துக்கு அட்டை முடி ஒரு பொருட்டே இல்லை. அண்ணாவியார் சரியாய் இருந்தால் அந்த அட்டை முடிக்குள் ராசா இருப்பார். இங்கே பிசகு என்னவென்றால், நாடக ஆட்கள் எல்லோரும் இதைத் துக்கமாகவே நடிக்கிறார்கள். பகிடியாக எடுத்திருந்தால் தப்பியிருக்கும். ஆனாலும் தாண்டவேண்டாம். நாலு பேர் கூடியிருக்கும் சனி இரவுக்கு இதைவிடச் சிரிப்பு கிடைக்காது.

தாண்டவேண்டியது இரண்டாம் சீசனின் "த ஒமேகா குளோரி". எங்கோ ஒரு கிரகத்தில் இரண்டு கூட்டம் சண்டை. கடைசியில் பார்த்தால் ஒரு கூட்டத்திடம் அமெரிக்கக் கொடியும் அரசியலமைப்பும் அச்சொட்டாக அப்படியே இருக்கின்றன. எப்படி வந்தது என்று ஒழுங்கான விளக்கமே இல்லை. கப்டன் கேர்க் அதை எடுத்து நீட்டி முழக்கி வாசிக்கிறார். எழுதியது ரொடன்பெரியே.

பழைய தொடரை ஒளிபரப்பான ஒழுங்கில் பார்ப்பவர் ஒரு இடத்தில் குழம்புவார். முதலில் காட்டியது "த மான் ட்ராப்". ஆனால் அதற்கு முன்னர் எடுத்த மாதிரி அங்கமான "வேர் நோ மான் ஹாஸ் கோன் பிஃபோர்" மூன்றாவதாக வந்தது. அதில் உடுப்பு வேறு, டொக்டர் வேறு. உங்கள் பிரதியில் பிழை இல்லை. அதை முதலாவதாகப் பார்த்துவிட்டால் கரைச்சல் இல்லை.

நெக்ஸ்ட் ஜெனரேஷனின் முதல் சீசன்தான் ஆட்களைத் துரத்துவது. 1987 இல் வந்த "கோட் ஆஃப் ஆனர்" அதற்குள் அடிமட்டம். ஒரு கிரகத்தின் தலைவன் கலத்தின் பாதுகாப்பு அதிகாரி டாஷாவைக் கடத்திக்கொண்டு போகிறான். அவனுடைய மனைவியும் டாஷாவும் நஞ்சு முள் பூட்டிய கையோடு சாகும்வரை சண்டை. கதை அரதப் பழசு, அது ஒரு பக்கம். அந்தக் கிரகத்து ஆட்கள் அனைவருக்கும் கறுப்பின நடிகர்களைப் போட்டு, அவர்களுக்கு மேளமும் பெண் கடத்தலும் பண்டமாற்றும் கொடுத்ததுதான் ஏலாத விசயம். இயக்குநர் ரஸ் மேபெரியைப் பாதியில் நிறுத்தி, லெஸ் லன்டோவைக் கொண்டு முடித்தார்கள். கலத்தின் உப கப்டன் ரைக்கராக நடித்த ஜொனதன் பிரேக்ஸே இதைப் பகிரங்கமாகத் திட்டியிருக்கிறார். எல்லா இனமும் சமம் என்று ஒவ்வொரு கிழமையும் சொல்லும் தொடர், நாலாவது அங்கத்திலேயே வெள்ளைக்காரன் பழைய சாகசக் கதைகளில் எழுதிய "காட்டுவாசி"யைக் கொண்டுவந்து வைத்தது. இதை எதற்காகவும் பார்க்கத் தேவையில்லை. பின்னர் வரும் எந்தக் கதையும் இதில் தொங்கவில்லை.

"ஸ்கின் ஆஃப் ஈவில்" அப்படி இல்லை. கறுப்பு எண்ணெய்க் குட்டைபோல ஒரு பிராணி, அதன் மனக்கவலை, அதோடு கவுன்சிலர் ட்ரோயின் பேச்சு, எல்லாம் அறுவை. ஆனால் டாஷா இதில் சாகிறாள். வீரமாக இல்லை, வசனம் பேசி இல்லை, ஒரு தட்டில் விழுந்து முடிகிறது. மூன்றாம் சீசனின் "யெஸ்டர்டேஸ் என்டர்பிரைஸ்" என்ற அருமையான அங்கம் முழுக்க முழுக்க இந்த அர்த்தமில்லாத சாவின் மேல்தான் நிற்கிறது. இதைத் தாண்டிப் போனவருக்கு அது பாதிதான் விளங்கும். பல்லைக் கடித்துக்கொண்டு பாருங்கள்.

அவசரக்காரருக்கு முதல் சீசனில் போதுமானவை: "என்கவுன்டர் அட் பார்பொயின்ட்", "வேர் நோ வன் ஹாஸ் கோன் பிஃபோர்", "டேட்டாலோர்", வெறும் இலக்கத்தையே தலைப்பாகக் கொண்ட "11001001", "ஹார்ட் ஆஃப் குளோரி", "ஸ்கின் ஆஃப் ஈவில்", "கொன்ஸ்பிரசி". மிச்சத்தை விட்டதால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. மைக்கல் பில்லர் எழுத்தாளர்களைப் பொறுப்பெடுத்த மூன்றாம் சீசனில் இருந்து தாண்டுவதற்கு அதிகம் இல்லை.

நடுவில் உள்ள இரண்டாம் சீசனுக்கு ஒரு சாட்டு உண்டு. 1988 மார்ச்சில் தொடங்கி ஓகஸ்ட் வரை ஹொலிவூட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 26 ஆக வரவேண்டிய சீசன் 22 ஆனது. முதல் அங்கமான "த சைல்ட்", எழுபதுகளில் கைவிட்ட வேறொரு ட்ரெக் தொடருக்கென எழுதி வைத்திருந்த பிரதி. நடுவில் "கியூ ஹூ" போன்ற அங்கங்களுக்குச் செலவு கையை மீறியது. கடைசியில் ஸ்டூடியோ கணக்கைச் சரிக்கட்டச் சொன்னது. அதன் விளைவு "ஷேட்ஸ் ஆஃப் கிரே": மூன்று நாளில் எடுத்து முடித்தார்கள். ரைக்கருக்கு ஒரு செடிக்கொடியின் முள் குத்தி நஞ்சேறுகிறது. டொக்டர் புலாஸ்கி அவருடைய மூளையைத் தூண்டுகிறார். அவருக்குப் பழைய நினைவுகள் வருகின்றன, அதாவது பழைய அங்கங்களின் துண்டுகள் வருகின்றன. மீன்குழம்பு அடுத்த நாள்தான் ருசி என்பது இந்த ஊருக்குத் தெரியும். ஆனால் இது குழம்பு இல்லை, சட்டி கழுவிய தண்ணீர். பார்வையாளரைப் பேய்க்காட்டும் வேலை. தயங்காமல் தாண்டுங்கள்.

ஆனால் அதே சீசன், அதே நெருக்கடி, "த மெஷர் ஆஃப் எ மான்" என்ற அங்கமும் அங்கேதான் இருக்கிறது. மெலிண்டா ஸ்னொட்கிராஸ் எழுதியது, அவர் சட்டம் படித்தவர். டேட்டா என்ற இயந்திர மனிதன் ஒரு ஆளா, இல்லைச் சொத்தா என்று ஒரு விசாரணை. சண்டை இல்லை, விண்வெளி வெடிப்பு இல்லை. ஒரு அறை, ஒரு மேசை, நாலைந்து கதிரை. ரைக்கர் தன் நண்பனுக்கு எதிராகவே வாதாட வற்புறுத்தப்படுகிறார். வாதத்தின் நடுவில் டேட்டாவின் முதுகில் உள்ள சுவிட்சைத் தட்டி நிப்பாட்டுகிறார், டேட்டா தலை கவிழ்ந்து மேசையில் சரிகிறான். அந்த ஒரு அசைவுக்குச் செலவு எவ்வளவு இருக்கும்?

ஏழாம் சீசன் களைப்பின் சீசன். வருடத்துக்கு 26 அங்கம் (இரண்டாம் சீசன் தவிர), ஒவ்வொன்றுக்கும் ஏழெட்டு நாள் படப்பிடிப்பு, ஏழு வருடமாக. "சப் ரோசா" (1994) அப்போது வந்தது. டொக்டர் பெவர்லி குரஷரின் பாட்டி இறந்துவிட, ஸ்கொட்லாந்துபோல அமைத்த ஒரு கிரகத்துக்கு அவர் போகிறார். பாட்டியின் வீட்டில் பரம்பரையாக வந்த ஒரு மெழுகுதிரி. அதற்குள் ரோனின் என்று ஒரு ஆவி. பாட்டியோடு குடும்பம் நடத்தியது பேத்தியிடம் ஒட்டிக்கொள்கிறது. சுடலைப் பேய்க்கதை கேட்டு வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு இதில் பயமும் வராது. புதைத்த பாட்டியைத் திரும்பத் தோண்ட, பிணம் கண்ணை முழிக்கும் இடத்தில் சிரிப்புத்தான் வரும்.

பேய் வந்தது குற்றம் இல்லை. ஐந்தரை சீசனாக நிதானமும் ஆராய்ச்சியுமாகக் காட்டிய ஒரு வைத்தியரை, ஒரே இரவில் வேலையை எறிந்துவிட்டு மெழுகுதிரிக்குப் பின்னால் போகவைத்ததுதான் குற்றம். அந்த ஆவி அவருடைய சம்மதத்தை மயக்கத்தில் திருடுகிறது. அங்கம் அதைக் காதலாகவே கடைசிவரை காட்டுகிறது. ஒப்பிட்டுப் பார்க்க நாலாம் சீசனின் "ரிமெம்பர் மீ" இருக்கிறது. அங்கும் குரஷர் தனியாகத்தான், அங்கும் சுற்றியுள்ள எல்லாம் பைத்தியம்போல. ஒவ்வொருவராகக் காணாமல் போக, பிரபஞ்சமே 705 மீற்றருக்குச் சுருங்கிவிட்டது என்று கணினி சொல்கிறது. "பிழை எனக்கில்லை, பிரபஞ்சத்துக்குத்தான்" என்ற முடிவுக்கு அவர் தர்க்கத்தாலேயே வந்துசேர்கிறார். அதே நடிகை, அதே பாத்திரம். எழுத்துத்தான் வேறு.

டீப் ஸ்பேஸ் நைனில் தாண்டவேண்டியவை குறைவு. "மூவ் அலோங் ஹோம்" அங்கத்தில் நாலு அதிகாரிகள் ஒரு விளையாட்டுப் பலகைக்குள் அகப்பட்டு, பாட்டுப் பாடிக் கெந்திக் கெந்திப் போகிறார்கள். கடைசியில் ஆபத்தே இருக்கவில்லை, எல்லாம் விளையாட்டுத்தான் என்கிறார்கள். அப்ப நாங்கள் ஏன் 45 நிமிடம் பார்த்தோம்? "புரொஃபிட் அண்ட் லேஸ்" ஆணுக்குப் பெண்வேசம் போட்ட பகிடி, பகிடியும் இல்லை. இரண்டையும் விடலாம்.

டீப் ஸ்பேஸ் நைன் முதல் சீசனின் கடைசிக்கு முதல் அங்கம் "டூயட்" (1993). கையில் காசு முடிந்த நேரம், புதுத் தளம் கட்ட வழியில்லை, இருந்த சிறைக்கூடத்திலும் அலுவலக அறையிலும் எடுத்தது. கார்டேசியர் பேஜோர் கிரகத்தை ஆக்கிரமித்து வைத்திருந்தவர்கள். கலிடெப் என்ற வதைமுகாமில் இருந்தவர்களுக்கு மட்டும் வரும் ஒரு நோயோடு ஒரு கார்டேசியன் வந்து சேர்கிறான். எதிர்ப்பு இயக்கத்தில் இருந்த மேஜர் கீரா அவனை விசாரிக்கிறாள். தான் அந்த முகாமின் தளபதி என்று அவன் பெருமையடிக்கிறான். கொன்றதை எண்ணி எண்ணிச் சொல்கிறான். உண்மை என்னவென்றால் அவன் அங்கே கோப்பு எழுதிய ஒரு கிளாக்கர். இரவில் சத்தம் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டு படுத்தவன். தன் நாடு இந்தக் குற்றத்தை ஒத்துக்கொள்ளவேண்டும், அதற்காகத் தளபதியாய் நடித்துத் தூக்குக்குப் போகவேண்டும் என்று முகத்தை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறான். கீரா அவனை விடுவிக்கிறாள். வெளியே ஒரு பேஜோரியன் அவனைக் குத்திக் கொல்கிறான், அவன் கார்டேசியன் என்பதே போதும் என்கிறான். போதாது என்கிறாள் கீரா.

யாழ்ப்பாணத்தில் இந்த அங்கத்துக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. ஹரிஸ் யூலினின் நடிப்பும் இரண்டு அறையும்தான் மொத்தச் செலவு.

இதை மனதில் வைத்துக்கொண்டு வொயேஜருக்கு வாருங்கள். கலம் வீட்டில் இருந்து 70,000 ஒளியாண்டு தூரத்தில் தனித்துவிட்டது. திரும்பப் போக 75 வருடம். முதல் சீசனிலேயே கணக்குச் சொல்கிறார்கள்: 38 டோர்பீடோ இருக்கிறது, முடிந்தால் புதிதாகச் செய்ய வழியில்லை. அதன் பிறகு ஏழு சீசனில் 38 ஐத் தாண்டியும் தாராளமாகச் சுட்டுத் தள்ளுகிறார்கள். சிறு கலங்கள் உடைந்தபடி இருக்கும், அடுத்த கிழமை அந்த இடத்தில் இன்னொன்று நிற்கும். சீருடை கசங்குவதில்லை.

மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டி, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டு, ஜாம் போத்தல் விளக்கில் சோதனைக்குப் படித்த ஊர் இது. பொருள் வராத இடத்தில் ஒரு போத்தல் பெற்றோல் எப்படி ஒரு குடும்பத்தின் முடிவுகளை மாற்றும் என்று தொண்ணூறுகளைக் கண்ட எவருக்கும் தெரியும். வொயேஜரின் எழுத்தாளர்களுக்கு அந்தத் தட்டுப்பாடு ஒரு வசனம் மட்டும்தான். "இயர் ஆஃப் ஹெல்" என்ற இரட்டை அங்கத்தில் (1997) ஒருமுறை உண்மையாகவே கலத்தை உடைத்து, ஆட்களைப் பட்டினி போட்டு, கப்டன் ஜேன்வேயின் முகத்தில் தீக்காயம் வைத்தார்கள். கடைசி நிமிடத்தில் காலத்தைத் திருப்பி எல்லாவற்றையும் அழித்தும்விட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஞாபகம் இல்லை.

இந்த நோய் முற்றிய இடம் "த்ரெஷோல்ட்", 1996 ஜனவரி. வார்ப் 10 என்பது எல்லையில்லாத வேகம், எட்டவே ஏலாது என்பது நெக்ஸ்ட் ஜெனரேஷனில் இருந்து வரும் விதி. கலமோட்டி டொம் பாரிஸ் அதை எட்டுகிறான். பிறகு தண்ணீர் ஒவ்வாமை, மயிர் உதிர்தல், நாக்குக் கழன்று விழுதல், சாவு, உயிர்த்தெழல். ஜேன்வேயைத் தூக்கிக்கொண்டு ஓடி, இருவரும் நீர்ப்பல்லிபோல ஒன்றாக மாறி, சேற்றில் மூன்று குட்டி போடுகிறார்கள். குட்டிகளை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்கள். ஒப்பனைக்கு எமி விருது கிடைத்தது, அது நியாயமான விருது. எழுதிய பிரானன் பிராகாவே பின்னாளில் இதைத் தன் தோல்வி என்று ஒத்துக்கொண்டார்.

பல்லி ஆனதைப் பற்றித்தான் எல்லோரும் சிரிப்பார்கள். பெரிய ஓட்டை அது இல்லை. வார்ப் 10 இல் ஒரு நொடியில் எங்கேயும் போகலாம். பக்கவிளைவு பல்லி ஆவது. டொக்டர் அதை மாற்றிவிட்டார், இருவரும் முழுச் சுகம். அப்படியென்றால் எல்லோரும் ஏறி வீட்டுக்குப் போய்ப் பல்லியாக இறங்கி, ஊசி போட்டுக்கொண்டு மனிதராகலாமே? ஐந்து சீசனுக்கு மேல் மிச்சம் இருக்கும்போது தொடரை முடிக்கும் வழியைக் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த அங்கத்தில் அதைப் பற்றி மூச்சும் விடவில்லை. விதியை மீறியதைவிட, மீறியதை மறந்ததுதான் குற்றம்.

தாண்டவேண்டுமா? ஒருமுறை பார்க்கலாம், சாப்பிட்ட உடனே வேண்டாம்.

என்டர்பிரைஸின் முதல் இரண்டு சீசனில் "எ நைட் இன் சிக்பே" வேண்டாம். கப்டனின் நாய்க்குச் சுகமில்லை, அவ்வளவுதான் கதை. நாலாம் சீசன் நல்லது, மன்னி கொட்டோ பொறுப்பில் வந்தது, முழுக்கப் பாருங்கள். ஆனால் கடைசி அங்கமான "தீஸ் ஆர் த வொயேஜஸ்" இல் என்டர்பிரைஸ் ஆட்களின் முடிவை ரைக்கர் ஹொலோடெக் என்ற மாயக்காட்சி அறையில் படம்போல் ஓட்டிப் பார்க்கிறார். அது நெக்ஸ்ட் ஜெனரேஷனின் "த பெகசஸ்" அங்கத்தின் நடுவில் நடப்பதாகக் கணக்கு. அதை எடுத்து 11 வருடம் கழிந்திருந்தது, ரைக்கராக நடித்தவரின் உடம்பு ஒத்துழைக்கவில்லை. நாலு வருடம் கூட வந்த பொறியியலாளர் ட்ரிப்பின் சாவு இன்னொருவரின் வீட்டுப்பாடம்போல வந்து போகிறது. 2005 மே 13 அன்று இதற்கு முந்தைய அங்கமான "டெரா பிரைம்" உம் அதே இரவில் ஒளிபரப்பானது. தொடர் உண்மையில் அதிலேயே முடிந்துவிட்டது. பட்டியலில் இன்னும் ஒன்று மிச்சம் என்று காட்டும். ரீவியை நிப்பாட்டிவிட்டுப் படுங்கள்.